பச்சை எரிந்துகொண்டிருந்தது

மார்ச் 3

அடியே சுத்தியல்,

முதலில் விஷயம். ஜெயித்துவிட்டோம்! மற்றதெல்லாம் அப்புறம்.

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ளுகிற படகு செய்த பையன்கள், வைக்கோலில் செங்கல் செய்த பெண், பேச முடியாதவர்களின் கைச்சாடையைக் குரலாக மாற்றும் கையுறை செய்தவர்கள் என்று உலகத்துக் கெட்டிக்கார மாணவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில். கடைசியில் நம் ஹெல்மெட். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர் இதை மாட்டிக்கொண்டால் போதும், காற்று நன்றாக இருக்கும்வரை கண்ணெதிரே பச்சை எரியும், விஷவாயு வந்தால் சிவப்பாகி அலறும் என்றேன். ஒரு நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஜன்னல் திறக்காது. கட்டில் பக்கத்தில் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன, எது விளக்கு எது திரைச்சீலை என்று இன்னும் பிடிபடவில்லை. நேற்று விளக்கை அணைக்கப் போய் தொலைக்காட்சியை அலற வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அந்தப் பலகையையே கழற்றிப் பார்த்திருப்பாய்.

ஒருவர்தான் வரலாம் என்று அவர்கள் விதி போட்டபோது, "நான் வாயைத் திறந்தா சண்டைதான் வரும், நீ போடி" என்று என்னைப் பிடித்துத் தள்ளியவள் நீதான். அதை நான் மறக்கவில்லை.

இன்னொரு சந்தோஷம். போட்டியை நடத்துகிற அறக்கட்டளையே ஹெல்மெட்டைத் தயாரிக்கப்போகிறது. மாதிரிக்குச் செய்த முதல் தொகுதி நம் ஊர் மாநகராட்சிக்குத்தான் வருகிறது. உன் அண்ணன் தலையில் நம் ஹெல்மெட்! அண்ணியிடம் சொல், இனிமேலாவது அவர் வேலைக்குப் போனபிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீடியோ ஏதோ போடுவார்களாம். அதில் நான் கொஞ்சம் உளறியிருப்பேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நேரம் போதவில்லை. போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்?

உன் மேஸ்திரி


மார்ச் 6

மேஸ்திரி,

போன் செய்யாதே. நீ அடிக்கும் ஒவ்வொரு அழைப்பையும் பார்த்துக்கொண்டேதான் எடுக்காமல் இருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் நான் தலையாட்டிவிடுவேன், அது உனக்கும் தெரியும். எழுது. எழுத்தில் உன்னால் சிரித்து மழுப்ப முடியாது.

வீடியோவைக் கல்லூரிக் கூடத்தில் பெரிய திரையில் போட்டார்கள். எல்லா வகுப்பையும் கூட்டி வைத்திருந்தார்கள். நம் கனைப்பு சார், அதுதான் நம் அருமை வழிகாட்டிப் பேராசிரியர், முன்வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓரத்து நாற்காலியில். எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என் அறையில், என் மேசையில், தனி ஒருத்தியாக இதை உருவாக்கினேன்." அப்படித்தானே சொன்னாய்? பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். அந்த மேசை என்னுடையது, தெரியுமா? கால் உடைந்து குப்பைக்குப் போக இருந்ததைக் கம்பி போட்டு இறுக்கி நிறுத்தியவள் நான்.

நீ செய்வாய், நான் உடைப்பேன். அதுதான் நம் வழக்கம். நீ எதைக் கட்டினாலும் அது எங்கே, எப்போது, எப்படிக் கைவிடும் என்று தேடுவது என் வேலை. அதனால்தான் ஹாஸ்டலில் உன்னை மேஸ்திரி என்றும் என்னைச் சுத்தியல் என்றும் கூப்பிட்டார்கள். உன் முதல் ஹெல்மெட் தண்ணீர் பட்டதும் செத்தது. அடுத்தது வியர்வைக்கே அலறியது. நான் உடைக்காவிட்டால் நீ அந்த வியர்வை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டுதான் மேடை ஏறியிருப்பாய்.

அதுகூடப் போகட்டும். "எங்கள் பகுதியில் ஒரு தொழிலாளி மயங்கிக் கிடந்ததைப் பார்த்தேன்" என்றாய். அவன் ஒரு தொழிலாளி இல்லை. என் அண்ணன். நீ பார்க்கவும் இல்லை. கயிறு கட்டி அவனைத் தூக்கியதும், அண்ணி அவன் வாயைத் துடைத்துத் துடைத்து அழுததும் நான் பார்த்தது. ஹாஸ்டலுக்கு வந்து உன் மடியில் படுத்துச் சொன்னது. "அழாதடி, ஏதாவது செய்வோம்" என்றாய். செய்துவிட்டாய்!

கடைசியில் ஒரு போட்டோ காட்டினாய். பட்டறை வாசலில் நாம் இருவரும் நிற்பது. நான் நின்ற பக்கத்தை வெட்டியிருக்கிறாய். ஒழுங்காக வெட்டக்கூடத் தெரியவில்லை, உன் தோள்மேல் என் விரல்கள் இருக்கின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். கனைப்பு சார் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

ஏன் என்று மட்டும் சொல். சுற்றி வளைக்காதே.

சுத்தியல்


மார்ச் 9

என் சுத்தியலுக்கு,

அடிப்பது உன் சுபாவம், அடித்துவிட்டாய். வலிக்கத்தான் செய்தது. இப்போது நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

மேடை ஏறுவதற்கு முந்தின நாள் ஒத்திகை வைத்தார்கள். அதில் நம் இரண்டு பேரையும் பற்றித்தான் சொன்னேன். சத்தியமாக. ஒத்திகை பார்த்த அம்மா கேட்டார், "அவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?" நான், "அவ சோதிப்பா, உடைப்பா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப கண்டுபிடிச்சது நீங்கதான்" என்றார். பேச்சு நீளமாக இருக்கிறது, ஒருத்தி கதையாக இருந்தால்தான் மனதில் நிற்கும் என்று அவரே வெட்டினார். கனைப்பு சாருக்குப் போன் போட்டேன். அவரும் தொண்டையைக் கனைத்துவிட்டு, "இப்போதைக்கு அப்படியே சொல்லும்மா, அப்புறம் பேர் சேர்த்துக்கலாம்" என்றார். நான் என்ன செய்வேன், சொல். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். எல்லோரும் உன்னையே பார்க்கும்போது வாய் தானாகப் போய்விடுகிறது.

அண்ணன் கதையை மாற்றியது அவருக்காகத்தான். அவர் பெயர், வேலை எல்லாம் ஊர் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

போட்டோ விஷயம் எனக்குத் தெரியாது. அவர்கள் வெட்டியிருப்பார்கள். நான் கேட்கிறேன்.

பெயரைச் சேர்ப்பேன். ஹெல்மெட்டுக்கு இங்கே திறப்பு விழா வைக்கிறார்கள், அது முடியட்டும், அறக்கட்டளைக்காரர்கள் நல்ல மனநிலையில் இருப்பார்கள், அப்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறேன். என்மேல் அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா உனக்கு?

இங்கே தினமும் யாராவது விருந்தாளி வருகிறார்கள், ஹெல்மெட்டை வாயு நிரப்பிய தொட்டிக்குள் இறக்கிக் காட்டச் சொல்கிறார்கள். நேற்று அது கொஞ்சம் மந்தமாக இருந்தது. சிவப்பு வர நேரமாகியது. பேட்டரியாகத்தான் இருக்கும், மாற்றச் சொன்னேன். உனக்கு இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

கோபம் தணிந்ததும் எழுது.

மேஸ்திரி


மார்ச் 12

மேஸ்திரி,

உன் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பெரிய சண்டை எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் வந்துவிட்டது. நிதானமாகப் படி.

மந்தமாக இருக்கிறது என்றாய் இல்லையா, அது பேட்டரி இல்லை.

நாம் எப்படிச் சோதித்தோம்? பட்டறைக்குப் பின்னால் அந்த நீல டிரம்மில் வெந்நீரும் அழுகிய முட்டையும் போட்டு மூடி வைப்போம். ஹெல்மெட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம். சிவப்பாகும், அலறும், நீ குதிப்பாய். அதோடு குளிக்க ஓடிவிடுவாய். நாற்றம் பிடித்த ஹெல்மெட் எங்கே போகும்? நம் அறைக்குத்தான். என் கட்டிலுக்கு அடியில்தான். அந்த நாற்றத்தில் எப்படித் தூங்குவது? அதனால் நான் அதைத் துடைத்து, என் தலைமுடி உலர்த்துகிற மெஷினை வைத்து நன்றாகச் சூடு காட்டி, வாடை போனபிறகுதான் உள்ளே தள்ளுவேன். ஒரு தடவைகூட விட்டதில்லை. இதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை. அறையைப் பெருக்குவதையா யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்போம்?

உன் கடிதம் வந்ததும் என்னிடம் இருக்கும் பழைய ஹெல்மெட்டை எடுத்தேன். உலர்த்தாமல் திரும்பத் திரும்ப டிரம்முக்குள் இறக்கினேன். முதலில் ஒழுங்காகச் சிவந்தது. பிறகு தயங்கியது. பிறகு ஒன்றுமே இல்லை. மூடியைத் திறந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது, அது பாட்டுக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கிறது. அறைக்குக் கொண்டுவந்து சூடு காட்டினேன். மறுபடி உயிர் வந்துவிட்டது. ஈரம் ஏறினால் சென்சார் மரத்துப்போகிறது, மேஸ்திரி. மரத்துப்போன சென்சாரும் பச்சைதான் காட்டுகிறது, நல்ல காற்றுக்கும் பச்சைதான் காட்டுகிறது. இறங்கியவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

நாம் செய்த அத்தனை சோதனையிலும் அது ஜெயித்ததற்கு என் கட்டிலுக்கு அடியில் நாற்றம் வரக்கூடாது என்ற என் பிடிவாதம்தான் காரணம். நான் உடைக்கிறேன் உடைக்கிறேன் என்று தினமும் அதைப் பழுது பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்த அழகில் எனக்குச் சுத்தியல் என்று பெயர்!

ஹெல்மெட்டுகள் வந்து இறங்கிவிட்டன. அண்ணனின் ஆட்கள் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். முன்பெல்லாம் பக்கத்துக் குழிகளின் மூடிகளையும் திறந்துவிட்டு, காற்றாடி வைத்து ஊதி, வெகுநேரம் காத்திருந்துதான் இறங்குவார்கள். இப்போது மேற்பார்வையாளர், "அதான் தலையிலயே லைட் எரியுதே, எதுக்கு நேரத்த வீணாக்குறீங்க" என்கிறாராம். ஒரு குழியிலிருந்து ஏறி நேரே அடுத்த குழிக்குள் இறங்குகிறார்கள். நடுவில் யார் உலர்த்துவது?

என் பெயரை நீ சேர்க்கவே வேண்டாம். முதலில் இதை நிறுத்து. இன்றே.

சுத்தியல்


மார்ச் 15

அடியே,

படித்துவிட்டுக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கே இருக்கிற ஹெல்மெட்டை உலர்த்திப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

ஆனால் கொஞ்சம் பொறுமையாக யோசிப்போம். திறப்பு விழாவுக்கு அழைப்பெல்லாம் போய்விட்டது. என் படத்தைப் பேருந்து நிறுத்தத்தில்கூட ஒட்டியிருக்கிறார்கள். இப்போது போய், "அது வேலை செய்யாது" என்று நான் சொன்னால் ஹெல்மெட்டை நிறுத்துவார்கள், நம்மையும் நிறுத்திவிடுவார்கள். பிறகு திருத்திக் கொடுக்கக்கூட நம்மை உள்ளே விட மாட்டார்கள். விழா முடியட்டும். மறுநாளே சொல்கிறேன், நானே கண்டுபிடித்த புதுத் திருத்தம் மாதிரி, ஒருவரும் பதறாமல். அதுவரைக்கும் "ஒவ்வொரு முறையும் நன்றாக உலர்த்தவும்" என்று ஒரு சீட்டு ஒட்டச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதிவிடலாம்.

அண்ணனை மட்டும் விடுப்பு எடுக்கச் சொல். உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அதுதான் முக்கியம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? "உலர்த்தினேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. நான் மேடையில், "ஒரு தடவைகூடத் தவறியதில்லை" என்று எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாயே.

யாரிடமும் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மேஸ்திரி


மார்ச் 20

மதிப்பிற்குரிய கண்டுபிடிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணனை மட்டும் காப்பாற்றச் சொன்ன உங்கள் பெரிய மனதுக்கு நன்றி. அவனோடு இறங்குகிற மற்றவர்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் கிடையாது என்று நினைத்துவிட்டீர்கள் போல.

உங்கள் கெஞ்சலை நான் ஏற்கவில்லை. மேற்பார்வையாளரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு, "இதச் செஞ்சவங்களே ஒரு தடவகூடத் தவறினதில்லன்னு வீடியோவுல சொல்றாங்களேம்மா. நீங்க யாரு?" என்றார். நான் யார் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. நானும் சேர்ந்துதான் செய்தேன் என்றேன். அவர் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். "எங்க, உங்களக் காணோமே?" மாநகராட்சி அலுவலகத்திலும் இதே கதைதான். கனைப்பு சாரிடம் போனேன். பொறாமை படிப்பைக் கெடுக்கும் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்.

என் பெயரை எடுத்தபோது என் மனதைத்தான் உடைத்தீர்கள் என்று நினைத்திருந்தேன். என் பேச்சையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். இப்போது நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அது ஒரு பொறாமைக்காரியின் சத்தம்தான்.

அண்ணனிடமும் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் வேறு யாரும் நம்பாவிட்டாலும் அவன் மட்டும் இது நான் செய்ததுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே பேச்சாம், கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்களாம். "நீ செஞ்சது எப்படிம்மா கெட்டுப்போகும்? உனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்" என்று சிரிக்கிறான். அவன் விடுப்பும் எடுக்கவில்லை. "நம்ம வீட்டுப் பொருள நானே போடலன்னா மத்தவன் எப்படிப் போடுவான்?" என்கிறான். என்னை நம்பித்தான் அதைத் தலையில் வைத்துக்கொள்கிறான். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

நேற்று நெட்டையண்ணா குழிக்குள் சரிந்துவிட்டார். அண்ணனோடு எப்போதும் இறங்குகிறவர், நம் ஹாஸ்டல் வாசலுக்கு ஒரு தடவை வந்து ஹெல்மெட்டுக்குத் தலை அளவு கொடுத்தாரே, அவர்தான். மேலே ஏறும்போதே, "தல சுத்துதுடா, ஆனா பச்சதான் எரியுது" என்றாராம். அண்ணன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் இருக்கிறார், பேச்சு இன்னும் குழறுகிறது. காலையில் வெறும் வயிற்றில் வந்திருப்பார் என்று மேற்பார்வையாளர் முடித்துவிட்டார். உங்கள் சீட்டு எதுவும் வந்து ஒட்டப்படவில்லை.

நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள். உங்கள் வாய்க்குத்தான் மதிப்பு. அந்த வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கள். விழா வரைக்கும் எல்லாம் காத்திருக்க முடியாது. பரிசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மேடையை வைத்துக்கொள்ளுங்கள், என் மேசையையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹெல்மெட்டுகளை மட்டும் அவர்கள் தலையிலிருந்து இறக்குங்கள்.

இப்படிக்கு,
சோதனை செய்தவள்


மார்ச் 25

சுத்தியல்,

நீங்கள் என்று எழுதாதே. நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில் அறக்கட்டளைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டுகளைத் திரும்பப் பெறப்போகிறார்கள். நீ கேட்டது நடந்துவிட்டது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

அவர்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. வக்கீல் ஒருவர் மெதுவாகத்தான் கேட்டார், "இந்தச் சூடு காட்டின விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?" கனைப்பு சார் முந்தின நாளே போனில் எச்சரித்திருந்தார். எனக்கு முன்பே தெரியும் என்று வந்தால் பட்டமும் போகும், வழக்கும் வரும் என்று. எங்கள் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். அம்மா என் படத்தை வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "சோதன முழுக்க அவ பொறுப்பு. அவ என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது." இதில் பொய் எங்கே இருக்கிறது? நீ உலர்த்தியது அப்போது எனக்குத் தெரியாதுதானே? மற்றதை அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் இல்லை, பெயர் இல்லை என்றாயே. இப்போது எல்லாத் தாளிலும் உன் பெயர் இருக்கிறது. சோதனைப் பொறுப்பாளர் என்று போட்டிருக்கிறார்கள்.

கல்லூரியில் உன்னைக் கூப்பிடுவார்கள். கையெழுத்துக் கேட்பார்கள். அதில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே மனதுக்கு எடுத்துக்கொள்ளாதே, வக்கீல்கள் அப்படித்தான் எழுதுவார்கள். போட்டுவிடு. அண்ணனுக்காகவாவது போட்டுவிடு. எல்லாம் அடங்கியபிறகு நான் உனக்கு எப்படியாவது

இதற்குமேல் எழுத வரவில்லை.

மேஸ்திரி


மார்ச் 30

மேஸ்திரி,

மரியாதை போதும். நீ என்றே எழுதுகிறேன், இது கடைசி.

கூப்பிட்டார்கள். கனைப்பு சார் அறையில் திரையில் உன் அறக்கட்டளைக்காரர்கள் இரண்டு பேர். தாளை என் முன்னால் தள்ளினார்கள். "உடன் பயின்றவருக்குத் தெரியாமல் சோதனைக் கருவிக்கு வெப்பம் செலுத்தி, முடிவுகளைச் சாதகமாக மாற்றினேன்." நான் இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த "மாற்றினேன்" நான் என்பதே எனக்கு உறைத்தது.

"முதல்ல ஹெல்மெட்டத் திரும்ப வாங்குங்க. அப்புறம் யார் என்ன செஞ்சாங்கன்னு பேசலாம்" என்றேன். கனைப்பு சார் கனைத்தார். "நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. காரணம் உறுதியானாத்தான் உத்தரவு போகும். இல்லன்னா விசாரணைக் குழு போடணும், அது இழுத்துக்கிட்டே போகும்." அதுவரைக்கும் ஹெல்மெட்? "அது பயன்பாட்டுலதான் இருக்கும்."

"சாதகமாக" என்ற ஒரு சொல்லையாவது எடுக்கச் சொன்னேன். "அத எடுத்துட்டா மத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்மா" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மறுநாள் சந்தைத் தெருக் குழிகளில் அண்ணனுக்கு முறை. மழை வேறு பெய்திருந்தது. போட்டுவிட்டேன். நீ எழுதியபடியே அண்ணனுக்காகத்தான் போட்டேன். எதைக் காட்டினால் நான் கையெழுத்துப் போடுவேன் என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. என்னைக் கரைத்துக் குடித்தவள் அல்லவா நீ.

அன்று மாலையே உத்தரவு போய்விட்டது. அதற்கு மட்டும் நடைமுறை எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

எனக்கு இந்த வருடம் தேர்வு எழுத அனுமதி இல்லை. ஹாஸ்டல் அறையைக் காலி செய்தாகிவிட்டது. உன் புது வீடியோவையும் பார்த்தேன். தவறைத் தைரியமாக ஒப்புக்கொண்ட இளம் கண்டுபிடிப்பாளர் என்று போட்டிருக்கிறார்கள். திருத்திய ஹெல்மெட்டில் ஒவ்வொரு முறையும் தானாகவே சூடாகி உலர்ந்துகொள்ளும் சென்சார் வரப்போகிறதாம். "இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள், நீ கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாய். நல்ல யோசனைதான். அதை உடைத்துப் பார்க்க வேறு ஆளைத் தேடிக்கொள்.

நான் உன்னை வெறுக்கிறேன். இதை எழுதிப் பார்த்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஓய்வறைப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஹெல்மெட்டுகளை ஒப்படைக்க வேண்டும், சோதனை முடிவுகள் மோசடியாக மாற்றப்பட்டிருக்கின்றன, மாற்றியவர் இன்னார். முழுப் பெயர், அப்பா பெயரோடு. கீழே என் கையெழுத்தின் நகல். இத்தனை நாளும் இது என் தங்கச்சி செய்தது என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் சிரித்தவர்கள் அன்றைக்குத்தான் நம்பினார்களாம். நெட்டையண்ணாவின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், முட்டை, உலர்த்தினது, உன் வீடியோ, அந்தத் தாள், ஏன் போட்டேன் என்பது வரைக்கும். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான். கடைசியில், "கையெழுத்து உன்னுதுதானே?" என்றான்.

"ஆமா" என்றேன்.

எழுந்து கை கழுவப் போய்விட்டான். இன்று காலையில் பழையபடி பக்கத்து மூடிகளையெல்லாம் திறந்து வைத்துக் காத்திருந்து இறங்குவதற்காகச் சீக்கிரமே கிளம்பினான். அண்ணியிடம் சொல்லிக்கொண்டான். நான் வாசலில்தான் நின்றேன். என்னிடம் சொல்லாமலே போனான்.